சுவரேறிய பூசணியும் என் பத்து நிமிடப் பிரசங்கமும்

ஒரு மனிதனைப் பிரசங்க மேடையில் ஏற்றிவிடுவது என்று ஆண்டவரே தீர்மானித்துவிட்டாலும், அவனை அங்கிருந்து இறக்க அவன் மனைவியால் முடியும். இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. இறங்கி வந்து சொல்கிறேன்.

எனக்குத் தொழில் மூக்குக் கண்ணாடி விற்பது. எங்கள் சபையில் பாதிப் பேர் என் தயவில்தான் பாட்டுப் புத்தகம் வாசிக்கிறார்கள். போன வாரம்கூடத் தபால்காரருக்கு ஒரு கண்ணாடி மாட்டிவிட்டு, "இனிமே நீங்க கடைசி பெஞ்சுல உக்காந்துக்கிட்டே பீடத்துல ஊர்ற எறும்பைப் பாக்கலாம்" என்று உத்தரவாதம் கொடுத்து அனுப்பினேன். இப்பேர்ப்பட்ட எனக்குச் சபையில் கிடைத்த ஊழியம் என்ன? காணிக்கைப் பை பிடிப்பது. பை பேசாது. பை பிடிக்கிறவனும் பேசக் கூடாது. எனக்கோ உள்ளே பிரசங்கம் பொங்கிப் பொங்கி நெஞ்செரிச்சலே வந்துவிட்டது.

அப்படி இருக்கையில், பவர் சரிபார்க்கக் கடைக்கு வந்த போதகர், எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டு, "பிரதர், உங்க வீட்டுப் பின்பக்கத்துல ஒரு காய்கறித் தோட்டம் போடுங்களேன்" என்றார்.

"தோட்டமா பாஸ்டர்?"

"ஒரு சீசன் வளருங்க. செடி கொடி மூலமா ஆண்டவர் என்ன கத்துக்கொடுக்கிறார்னு பாருங்க. நன்றி ஆராதனை அன்னிக்கு மேடையில பத்து நிமிஷம் பேசுங்க. ஒரே ஒரு நிபந்தனை. உங்க தோட்டத்துல விளைஞ்சது ஒண்ணு பீடத்துல இருக்கணும். வெறுங்கையோட மேடை ஏறக் கூடாது."

பத்து நிமிஷம்! என் கையிலிருந்த லென்ஸ் நழுவி விழுந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் ஒன்று இருப்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு ஓடினேன். என் மனைவி அப்போதுதான் உள்ளே வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். வேனை நிறுத்த இடமில்லாமல் இரண்டு தெரு தள்ளி ஒரு மரத்தடியில் விட்டுவிட்டு நடந்து வருவாள். அந்த மரத்துப் பறவைகளுக்கு அந்த வேன்மேல் தனிப் பிரியம். தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீரோடு போய்த்தான் வண்டியை எடுக்க முடியும்.

"இன்னையிலருந்து நான் தோட்டக்காரன்" என்றேன்.

"எந்த வீட்டுல?"

"நம்ம வீட்டுலதான். பின்பக்கத்துல."

"அங்க உங்க ஸ்கூட்டர் இருக்கே."

அது நான் கல்யாணத்துக்கு முன் வாங்கிய ஸ்கூட்டர். கல்யாணத்துக்குப் பின் ஓடியதில்லை. அதைத் தூக்கிப் போடச் சொல்லி அவள் எத்தனையோ தடவை கேட்டும் நான் மசிந்ததில்லை.

"எடுத்துடறேன்."

"உடைஞ்ச ஷோகேஸ்?"

"எடுத்துடறேன்."

"அந்த மூணு கால் நாற்காலிங்க?"

"எல்லாத்தையும் எடுத்துடறேன். இது ஊழியம்!"

சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன்.

அதற்குப் பின் அவள் காட்டிய ஒத்தாசை இருக்கிறதே, என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. அளவு நாடாவோடு வந்து நின்றாள்.

"பாத்தி நடுவுல இருக்கட்டும். ரெண்டு பக்கமும் நீளவாக்குல செங்கல் பாதை போட்டுருங்க."

"செங்கல் எதுக்கு?"

"மழை பெஞ்சா சேறாகும். பிரசங்கியார் வழுக்கி விழலாமா?"

நியாயம்தான்.

"அப்புறம் சந்துப் பக்கத்துக் கதவைப் பெருசா மாத்திருங்க. உரம் வரணும்ல?"

"ஒரு மூட்டை உரத்துக்கு எதுக்கும்மா அவ்வளவு பெரிய கேட்?"

"ஒரு மூட்டையோட நிறுத்திக்கப் போறீங்களா? உங்க விசுவாசம் அவ்வளவுதானா?"

விசுவாசம் என்று வந்துவிட்டால் நான் பின்வாங்குகிறவன் இல்லை. கேட் வந்தது. கொத்தனார் செங்கலை அடுக்கி, அடித்து, இறுக்கி, "யானை நடந்தாலும் அமுங்காது சார்" என்றார். எனக்கு மெய்சிலிர்த்தது. இடது பாதைக்கு விசுவாசப் பாதை என்றும் வலது பாதைக்குப் பொறுமைப் பாதை என்றும் பெயர் எழுதிப் பலகை நட்டேன். பிரசங்கத்தில் இரண்டு நிமிஷம் இந்தப் பாதைகளுக்கே போய்விடும் என்று கணக்குப் போட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் ரிட்டயர்டு கால்பந்து ரெஃப்ரி. எங்கள் சபைதான். பாடகர் குழுவில் என் மனைவி முதல் குரல், அவர் அடிக்குரல். கண்ணாடி தொலையாமல் இருக்கட்டும் என்று நான் இலவசமாகக் கொடுத்த கயிற்றில் கண்ணாடியை மாட்டாமல் விசிலை மாட்டிக்கொண்டு திரிகிற மனிதர். நான் மண்ணில் முதல் கொத்து வைத்ததும் சுவருக்கு மேலே ஒரு தலை எழும்பியது. விசில் அடித்தது. "ஆட்டம் ஆரம்பம்" என்றது.

முதலில் தக்காளி, வெண்டை, பீன்ஸ் மூன்றும் விதைத்தேன். விதைத்த கையோடு பாடம் வந்துவிட்டது. பொறுமை! அதை உடனே என் மனைவியிடம் பிரயோகித்தேன்.

"பாத்தியா? செடி அவசரப்படுதா? நீ மட்டும் ஏன் சாப்பாட்டுக்கு வாங்க, சாப்பாட்டுக்கு வாங்கன்னு கத்தறே? செடிகிட்டப் பொறுமையைக் கத்துக்கோ."

"கத்துக்கிட்டேன்" என்றாள். அன்றைக்குச் சாப்பாடு வர வெகுநேரமாயிற்று. வந்ததும் ஆறிப்போயிருந்தது.

விதை போட்டுவிட்டோம், சரி. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டாமா? தினமும் காலையில் தோண்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடினேன். சுவருக்கு மேலே விசில்.

"ஃபவுல்! மண்ணுக்குள்ள கை போட்டுட்டீங்க."

"முளைச்சிருக்கான்னு பாக்கறேன் சார்."

சமையலறை ஜன்னலிலிருந்து என் மனைவி கேட்டாள். "விசுவாசத்தை இப்படித்தான் தினம் தோண்டித் தோண்டிப் பாப்பீங்களா?"

அருமையான வாக்கியம். பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டேன். அவள் சொன்னது என்று சொல்வதாக இல்லை.

என் தோண்டலையும் மீறிச் சில முளைகள் வந்தன. அடுத்த பாடம் களை எடுப்பது. கோபம், பொறாமை, கடைசி நிமிஷத்தில் அக்காவுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசுவது போன்ற களைகளை நம் வாழ்க்கையிலிருந்து பிடுங்கி எறிய வேண்டும் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே பிடுங்கினேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, கையில என்ன?"

"களை."

"அது தக்காளி."

"அப்போ இது?"

"அது வெண்டை."

"அப்போ பாத்தியில மிச்சம் நிக்கிறது?"

"அதுதாங்க களை."

சுவருக்கு மேலே ஒரு மஞ்சள் அட்டை எழும்பி நின்றது. கோபம் என்ற களை எனக்குள் முழங்கால் அளவு வளர்ந்தது. பீன்ஸ் மட்டும் தப்பியிருந்தது. அது வாடியிருக்கிறதே என்று நான் பூவாளி பூவாளியாக அன்பைப் பொழிந்ததில் அதுவும் அழுகிவிட்டது.

ஆக, நன்றி ஆராதனை நெருங்குகிறது. போதகர் அறிவிப்பே கொடுத்துவிட்டார். தோட்டத்தில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாமல் மேடை ஏற முடியாது. மறுபடி பைதான். சாகிற வரைக்கும் பைதான். ராத்திரி படுத்தால் தூக்கமில்லை.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். சமையலறை ஜன்னலுக்குக் கீழே ஒரு பூசணிக் கொடி. நான் நட்டதல்ல. என் மனைவி காய் நறுக்கும்போது குடலையும் விதையையும் ஜன்னல் வழியாக வீசுவாள். அப்படி வீசியதில் ஒன்று, தோட்டக்காரன் கண்ணில் படாததால், பிழைத்து வளர்ந்துவிட்டது. மஞ்சள் மஞ்சளாகப் பூ வேறு.

பாய்ந்துபோய் அதைத் தத்தெடுத்தேன். தினமும் விடியற்காலையில் அதன் முன் நின்று கை கால் ஆட்டிப் பிரசங்கத்தைப் பழகினேன். கொடி கேட்டது. கேட்டுக்கொண்டே நகர்ந்தது. என் குரல் ஏற ஏற அதுவும் ஏறியது. ஒருநாள் பார்த்தால் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிவிட்டது! என் பிரசங்கத்தைக் கேட்ட முதல் ஜீவன் வீட்டை விட்டே ஓடிவிட்டது. ஓடிய இடத்தில், ரெஃப்ரி பக்கத்தில், ஒரே ஒரு காய் காய்த்தது. நாளுக்கு நாள் பருத்தது. கனம் தாங்காமல் அறுந்துவிடப் போகிறதே என்று மனிதர் பழைய கோல் வலையில் ஒரு துண்டை வெட்டித் தொட்டில் கட்டி அதைத் தாங்கலாகத் தொங்கவிட்டிருந்தார்.

ஸ்டூல் போட்டு ஏறி நின்று பேச்சுவார்த்தை நடத்தினேன்.

"சார், வேர் என் பக்கம் இருக்கு."

"பந்தை உதைச்சது யாருன்னு பாக்கறதில்ல சார். எங்க விழுந்துச்சுன்னுதான் பாப்போம். கோட்டைத் தாண்டிருச்சு. கோல்."

"என் பக்கத்துலருந்து வந்து உங்க பக்கம் விழுந்திருக்கு. அப்போ கோல் எனக்குத்தானே?"

அவர் நெற்றியைச் சுருக்கி நன்றாக யோசித்தார். "கோல் உங்களுக்கு. பந்து எனக்கு."

விசில் அடித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை நான் தோட்டத்தில் முழங்காலிட்டேன். எனக்கு ஒரு பழக்கம். மனசுக்குள் ஜெபிக்க வராது. கண்ணை இறுக மூடிக்கொண்டு வாய்விட்டுத்தான் ஜெபிப்பேன். அப்போதுதான் விவரம் ஒன்றும் விட்டுப்போகாது.

"ஆண்டவரே, சனிக்கிழமை சாயந்திரம் ரெஃப்ரியும் என் மனைவியும் பாட்டுப் பயிற்சிக்குப் போனபின் நான் சுவரேறுகையில் என் கால் வழுக்காதபடி காத்தருளும். கடைப் பூசணி ஒன்றை வலையில் வைத்துவிட்டு என் பூசணியை மீட்டு வரப் பெலன் தாரும். இதில் திருட்டு ஒன்றும் இல்லை என்பது உமக்கே தெரியும். ஆமென்."

"ஆமென்" என்று தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். சமையலறை ஜன்னலில் டீ டம்ளரோடு மனைவி.

"எப்போ வந்தே?" என்றேன்.

"இப்பதான். ஆமென் மட்டும்தான் கேட்டுச்சு. யாருக்காக ஜெபிச்சீங்க?"

"பக்கத்து வீட்டுக்காரருக்காக."

"அவருக்காக நானும் ஜெபிச்சுக்கறேன்" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினாள். என்ன பக்தி! தப்பித்தோம் என்று எனக்கு உயிர் வந்தது.

சனிக்கிழமை வந்தது. பெரிய கடையில் ஒரு பூசணி வாங்கினேன். அதில் ஒட்டியிருந்த சலுகை ஸ்டிக்கரை லென்ஸ் துடைக்கிற மருந்து போட்டுத் துடைத்து, பசைகூட இல்லாமல் எடுத்தேன். தொழில் சுத்தம். அவர்கள் இருவரும் பாட்டுப் பயிற்சிக்குப் போனதும் ஸ்டூலில் ஏறிச் சுவரில் உட்கார்ந்தேன். ஒரு கால் என் வீட்டில், ஒரு கால் அடுத்த வீட்டில், மடியில் பூசணி. அந்தக் கோலத்தில் சந்தில் போன பால்காரர் என்னைப் பார்த்தார். "ஸ்தோத்திரம்" என்றேன். வேகமாகப் போய்விட்டார்.

குதித்தேன். வலைக்குள் கையை விட்டேன். அதிசயம்! காம்பை வெட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. தொட்டதும் கையோடு வந்தது. பழுத்து எனக்காகவே காத்திருந்திருக்கிறது என்று கண் கலங்கிப்போனேன். வெள்ளைத் துணியில் அப்படியே சுற்றினேன். கடைப் பூசணியை வலையில் வைத்து, அதன் காம்பைக் கொடியோடு ஒரு கண்ணாடிக் கயிற்றால் கட்டினேன். இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்து, பூசணியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்து, குளித்து, பரிசுத்தமாக உட்கார்ந்துகொண்டேன்.

பயிற்சி முடிந்து வந்த மனைவி, "முகம் பிரகாசமா இருக்கே" என்றாள்.

"தோட்டத்துல ஒரு அற்புதம் நடந்திருக்கு. நாளைக்குப் பாரு."

"நாளைக்கு நடக்கும்னு எனக்கும் தோணுது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. சபை நிரம்பி வழிந்தது. பாடகர் குழுவில் மனைவி, பின்வரிசையில் விசிலோடு ரெஃப்ரி. போதகர் என்னை அழைத்தார். எத்தனை வருஷக் கனவு! கால் தரையில் பாவவில்லை. துணி மூட்டையோடு மேடை ஏறினேன்.

"அன்பானவர்களே! ஒரு விதையை நான் கண்ணீரோடு விதைத்தேன். வியர்வையோடு தண்ணீர் ஊற்றினேன். எல்லாச் செடியும் என்னைக் கைவிட்டபோது ஒரே ஒரு கொடி என்னோடு நின்றது. இதோ, அதன் கனி!"

துணியை உருவினேன். பூசணியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். அடிப்பக்கம் சபையைப் பார்த்தபடி.

சபை அமைதியாயிற்று. என் வார்த்தை வேலை செய்கிறது என்று நினைத்தேன். முதல் வரிசை கண்ணைச் சுருக்கியது. நடு வரிசை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டது. எல்லாம் நான் போட்ட கண்ணாடி. எல்லாம் சரியான பவர். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து தபால்காரர், கடையில் பலகையைப் பார்த்துப் படித்த அதே குரலில், நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"ஒன்று... வாங்கினால்... ஒன்று... இலவசம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்தே நின்றுவிட்டார். "சார்! கடைசி வரியும் தெரியுது சார்! 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது'!"

பூசணியை மெல்லத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஸ்டிக்கர். பளபளவென்று இருந்தது. பாடகர் குழுவிலிருந்து நீளமாக ஒரு விசில் எழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் சிவப்பு அட்டை.

போதகர் என் பக்கம் குனிந்து, "கிருபை இலவசம்னு நான்தான் சொல்லியிருக்கேன் பிரதர். ஆனா இந்த அர்த்தத்துல இல்ல" என்றார்.

அந்த நிமிஷத்தில் பூமி பிளந்து என்னையும் பூசணியையும் விழுங்கிவிடாதா என்று ஏங்கினேன். நான் வாங்கிய பூசணியின் ஸ்டிக்கரை நான்தான் துடைத்தேனே, இது எங்கிருந்து வந்தது என்று மூளை சுற்றிச் சுற்றி ஓடியது. அப்போது என் மனைவி எழுந்தாள். பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பூசணியை எடுத்தாள். ஒரு பக்கம் மண், காம்பில் இன்னும் பச்சை வாடவில்லை, மேலெல்லாம் கோல் வலை பதிந்த கட்டம் கட்டமான தடம். அதைப் பீடத்தில் வைத்தாள்.

"இதுதான் எங்க தோட்டத்துல காய்ச்சது. அவர் கையில இருக்கறது இன்னைக்குச் சபைச் சாப்பாட்டுக்கு" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "இதை நாங்க யாரும் நடல. தூக்கிப் போட்டதுலருந்து முளைச்சுது. நாங்க பாத்துக்காததால பிழைச்சுது. சுவரு தாண்டிப் போச்சு, பக்கத்து வீட்டு அண்ணன் தாங்கிப் பிடிச்சார். குடுங்கண்ணேன்னு கேட்டேன், குடுத்துட்டார். இதுல எங்க பங்குன்னு ஒண்ணுமே இல்ல. அதான் நன்றி சொல்ல வந்திருக்கோம்."

"ஆமென்!" என்றது சபை. கூரை அதிர்ந்தது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நான் எழுதிவைத்திருந்த பத்து நிமிஷமும் அந்த அரை நிமிஷத்துக்குள் அடங்கிவிட்டது.

கேட்டால் கொடுத்திருப்பார். இந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை? அவமானத்தை மீறி எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. என்னை இத்தனை பேர் முன்னால் காப்பாற்றிவிட்டாளே! நன்றி தலைக்கேறினால் மனுஷனுக்கு வாய் நிற்காது. மேடையில் நின்றபடியே, சபை சாட்சியாக, கையை உயர்த்திச் சொன்னேன்.

"இந்தச் சபைக்கு முன்னால பொருத்தனை பண்றேன்! என் மனைவி என்ன கேட்டாலும் குடுப்பேன்!"

"சபை கேட்டது" என்றார் போதகர், கொஞ்சம் அவசரமாகவே. "கேளுங்க சிஸ்டர். நீங்க அன்னிக்குச் சொன்ன மாதிரியே வந்து நிக்குது."

என்றைக்குச் சொன்ன மாதிரி?

"பெருசா ஒண்ணும் வேணாங்க" என்றாள் என் மனைவி. "வேனை நிறுத்த ஒரு இடம்."

"எங்க?"

"நம்ம பின்பக்கத்துல."

"அங்க எப்படி? சந்துப் பக்கம் வேன் நுழையற மாதிரி கேட்..." என்று ஆரம்பித்தேன்.

"இருக்கு."

"மண்ணுல டயர் புதைஞ்சு..."

"புதையாது."

அவள் பாடகர் குழுவுக்குத் திரும்பிப் போய் முதல் குரலில் நன்றிப் பாட்டைத் தொடங்கினாள். அடிக்குரல் அண்ணன் சேர்ந்துகொண்டார். நான் பூசணியோடு இறங்கி வந்தேன். யாரோ என் கையில் காணிக்கைப் பையைக் கொடுத்தார்கள்.

சாயந்திரம் பின்கதவைத் திறந்து பார்த்தேன். வேன் நின்றுகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒரு விரல்கூடப் பிசகவில்லை. இடது சக்கரங்கள் விசுவாசப் பாதையில், வலது சக்கரங்கள் பொறுமைப் பாதையில்.